முதல் ராலிக்கு எந்தக் காரை வாங்கச் சொல்வது?

இந்திய மோட்டார் விளையாட்டு மன்றங்களின் கூட்டமைப்பு நிர்வாகிகளுக்கும், ராலி விதிகளை வகுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கோவையில் ராலி கார் கட்டும் பட்டறை எதற்குப் போனாலும் ஒரு கேள்வி காதில் விழும். "அண்ணா, ராலி ஓட்டணும். எந்தக் கார் வாங்கட்டும்?" ஒரு காலத்தில் இதற்குப் பதில் சொல்ல யாரும் யோசித்ததில்லை. கையில் இருக்கும் காசுக்கு ஏற்ப ஒரு பழைய மாருதி எஸ்டீம், செடான் பலேனோ, ஹோண்டாவின் விடெக் சிட்டி. எவ்வளவு அடி வாங்கினாலும் அசராத வண்டி வேண்டுமென்றால் ஜிப்ஸி. கொஞ்சம் வசதி இருந்தால் நம் திருவள்ளூர் ஆலையிலிருந்து வந்த மிட்சுபிஷி சீடியா. பிறகு ஃபோக்ஸ்வேகன் போலோ வந்தது, பத்து வருடம் அதுவே ஓடியது.

இன்று இவற்றில் ஒன்றுகூடப் புதிதாகக் கிடைக்காது. ஜிப்ஸியைப் பொதுமக்களுக்கு விற்பது 2018-19வாக்கில் நின்றது. போலோ உற்பத்தி 2022இல் முடிந்தது. ஜிப்ஸியின் வாரிசு என்று சொல்லப்பட்ட ஜிம்னி 2023 ஜூனில் வந்தபோது, தொடக்க விலையே பன்னிரண்டே முக்கால் லட்சத்தைத் தொட்டது. அதன்மேல் வண்டி உருண்டால் உயிர் காக்கும் குழாய்க் கூடான ரோல் கேஜ், பக்கெட் சீட், பெல்ட், சஸ்பென்ஷன், டயர் எல்லாம் இருக்கின்றன. முதல் ராலி ஓட்ட வரும் பையன் வீட்டில் என்ன சொல்லிப் பணம் கேட்பான்?

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். ராலியின் அடிமட்ட வகுப்பில் எந்தக் கார் ஓடலாம் என்பதை, அது எந்த ஆண்டோடு உற்பத்தி நின்றது என்பதை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். அந்த வண்டி இன்று பாதுகாப்பாக இருக்கிறதா, அதைக் கட்ட எவ்வளவு செலவாகும் என்ற இரண்டை மட்டும் பாருங்கள்.

ஒரு மாடல் போட்டிக்குத் தகுதியானது என்று சான்றளிக்கும் சர்வதேச ஹோமோலோகேஷன் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு மாடலின் தொடர் உற்பத்தி நின்று ஏழு ஆண்டு வரைதான் அந்தக் காகிதத்துக்கு உயிர். அப்படிப் பார்த்தால் போலோவுக்கே 2029 வரைதான். உலக ராலி சாம்பியன்ஷிப்பில் தொழிற்சாலை அணிகள் மோதும் இடத்துக்கு இந்தக் கணக்கு சரி. கேத்தனூர் காற்றாலைகளுக்கு நடுவே செம்மண் பாதையில் பக்கத்தில் உட்கார்ந்த நேவிகேட்டர் படிக்கும் பாதைக் குறிப்பை, அதாவது பேஸ் நோட்டை, முதல்முறை கேட்டு ஓட்டுகிறவனுக்கு அது எதற்கு? அயர்லாந்தில் 1980இல் உற்பத்தி நின்றுபோன இரண்டாம் தலைமுறை ஃபோர்டு எஸ்கார்ட் இன்றும் ராலி ஓடுகிறது, கூட்டமும் அதைப் பார்க்கத்தான் வருகிறது. உள்நாட்டுப் போட்டிக்கு எந்த வண்டி என்று முடிவு செய்யும் உரிமை அந்தந்த நாட்டுக் கூட்டமைப்பின் கையில் இருப்பதால்தான் அது முடிகிறது.

பழைய வண்டி ஆபத்து என்பார்கள். துரு ஏறிய பாடி ஆபத்துதான், மறுக்கவில்லை. அதற்குத்தானே போட்டிக்கு முன் வண்டியைச் சோதிக்கும் ஸ்குரூட்டினி? கடுமையாக்குங்கள். சஸ்பென்ஷன் பொருந்தும் ஸ்ட்ரட் டவரைச் சுற்றி, ஜாக்கி வைக்கும் இடத்தில், கால் மிதிக்கும் தரைத் தகட்டில் கம்பியால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் திருப்பி அனுப்புங்கள். கேஜ் குழாயில் சின்னத் துளை போட்டுக் கனத்தை அளக்கட்டும். முதன்மை வளையம் 45 மில்லிமீட்டர் குழாய் என்றால் கனம் இரண்டரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பெயின்ட் அடித்த தண்ணீர்க் குழாயைக் கேஜ் என்று கொண்டுவருகிறவனுக்கு ஒரு வருடம் தடை போட்டாலும் எங்கள் பட்டறைப் பக்கமிருந்து ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். தலைக்கவசம், கழுத்துப் பாதுகாப்பு, பெல்ட், சீட் ஆகியவற்றில் எந்தச் சலுகையும் வேண்டாம். சலுகை கேட்பது வண்டியின் வயதுக்கு மட்டும்தான்.

புதுக் கார் பக்கம் வேறு சிக்கல். 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் என்ஜினும் உள்ள காருக்கு வரி குறைந்தது. அன்றிலிருந்து நம் ஊர் சின்னக் கார்கள் எல்லாம் அந்த 1200க்குள் ஒடுங்கிவிட்டன. 1.3 லிட்டரோடு வந்த ஸ்விஃப்ட்டும் 1.2 ஆனது அப்படித்தான். 1400 வரை, 1600 வரை, 2000 வரை என்று, ஷோரூம் கார்களுக்கான ‘குரூப் N’ வகுப்பு இருந்த காலத்தில் சிசியை வைத்துப் போட்ட கோடுகளில் நடுக்கட்டம் கிட்டத்தட்டக் காலி. டர்போ வந்தால் கொள்ளளவை 1.7ஆல் பெருக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்தடம் இருக்கும் அதே ஊரில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைனின் 998 சிசி என்ஜின் காகிதத்தில் 1697 சிசி ஆகி, இரண்டு லிட்டர் சீடியா நிற்கும் வரிசையில் போய் நிற்கும். குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் இதில் பெரிய அநியாயம் இல்லை, ஐ20க்கு 120, சீடியாவுக்கு 115. ஆனால் ஒன்று ஷோரூம் வண்டி. மற்றது கியர் விகிதம் முதல் டிஃபரன்ஷியல் வரை பல வருடமாகச் செதுக்கப்பட்ட வண்டி. சிசியை விட்டுவிட்டு, எடைக்கு எத்தனை குதிரைத்திறன் என்று வகுப்பு பிரித்தால் இந்தத் தலைவலி பாதி தீரும்.

மின்னணுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விதி எழுதுகிறவர்கள் இதை ஓட்டிப் பார்த்திருக்கிறார்களா என்று அடிக்கடி தோன்றும். செம்மண் வளைவில் முன்சக்கர இழுவைக் காரைத் திருப்ப, வலது காலால் ஆக்சிலரேட்டரை அழுத்தியபடியே இடது காலால் பிரேக்கைத் தொடுவோம், வால் நகர்ந்து மூக்கு உள்ளே வரும். இன்றைய கார்கள் பலவற்றில் ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் இல்லை, மின்னணு த்ராட்டில்தான். இரண்டு பெடலும் ஒன்றாக அழுந்தினால், ஓட்டுநர் தடுமாறுகிறார் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்து என்ஜினை அடக்கிவிடும். சரியாக வளைவின் நடுவில். ஏர்பேக்கைக் கழற்றினால் எச்சரிக்கை விளக்கு எரியும். வண்டி சறுக்காமல் தடுக்கும் ஈஎஸ்பியின் பொத்தானை அணைத்தாலும் சில வண்டிகளில் அது முழுதாகத் தூங்குவதில்லை. கைபிரேக் இருந்த இடத்தில் ஒரு சுவிட்ச் வந்துவிட்டால் ஹேர்பின் வளைவை எப்படித் திருப்புவது? இதற்கெல்லாம் வெளிநாட்டு ஈசியு, அதாவது என்ஜின் கம்ப்யூட்டர், வாங்கிப் பொருத்துவது அடிமட்ட வகுப்புக்குக் கட்டாது. பிரேக்-த்ராட்டில் தடையை நீக்கவும், கையால் இழுக்கும் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தவும் வெளிப்படையாக அனுமதி கொடுங்கள். மற்றபடி என்ஜினும் ஈசியுவும் கம்பெனி கொடுத்தபடியே சீல் வைத்து இருக்கட்டும்.

செலவைக் கட்டுப்படுத்த பின்லாந்திலும் ஸ்வீடனிலும் சாதாரண மக்களுக்காக நடக்கும் பந்தயங்களில் ஒரு வழி இருக்கிறது. பந்தயம் முடிந்ததும், விதியில் சொன்ன விலைக்கு யார் வேண்டுமானாலும் அந்தக் காரைக் கேட்கலாம், உரிமையாளர் மறுக்க முடியாது. அந்த விலைக்கு மேல் காரில் பணத்தைக் கொட்டினால் நஷ்டம் அவருக்குத்தான். ஆயிரம் பரிசோதகர்கள் செய்ய முடியாததை இந்த ஒரு விதி செய்கிறது. நம் ஊரில் முதலில், திறந்தவெளி மண் தடத்தில் ஓட்டும் ஆட்டோகிராஸில் ஒரு வருடம் வைத்துப் பார்க்கலாம்.

மலிவு வண்டி என்றால் தரம் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் ஊர்க்காரர் கரிவரதன் நினைவிருக்கட்டும். மாருதி என்ஜினை வைத்து அவர் கட்டிய ஒற்றை இருக்கைப் பந்தயக் காரான ஃபார்முலா மாருதியில் தொடங்கியவர்தான், 2005இல் ஃபார்முலா ஒன் கிரிடில் நின்ற நரேன் கார்த்திகேயன். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று அன்று ஒரு வகுப்பு இருந்தது.

கடைசியாக சாலைச் சட்டம். நேரம் கணக்கிடும் பகுதியான ஸ்டேஜ் மூடிய பாதையில் நடந்தாலும், ஒரு ஸ்டேஜிலிருந்து இன்னொன்றுக்கு நம்பர் பிளேட்டோடு பொதுச் சாலையில்தான் போகிறோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்கின்றன. உயிர் காக்கும் கேஜே காகிதத்தில் குற்றமாகலாம். பதினைந்து வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 2022 ஏப்ரலில் அறுநூறிலிருந்து ஐயாயிரமானது. கூட்டமைப்பின் போட்டி உரிமம் உள்ள வண்டிக்குத் தனிப் பதிவு வகை வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திடம் தனித்தனியாக நாங்கள் கேட்டால் எடுபடாது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, அடிமட்ட வகுப்பின் விதியை ஐந்து வருடத்துக்கு மாற்றுவதில்லை என்று எழுத்தில் தாருங்கள். கடன் வாங்கிக் கார் கட்டுகிறவனுக்கு அந்தக் காலமாவது தேவை. அடுத்த பருவத்துக்கான விதிப்புத்தகம் முடிவாகும் முன் சென்னையிலோ கோவையிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் கட்டும் டியூனர்கள், நேவிகேட்டர்கள், முதல் வருடம் ஓட்டியவர்கள் என்று சிலரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். வண்டிகளையும் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு நேவிகேட்டர்