பொடி டின் சுங்கவரி: ஞாயிறு அல்சூரில் சந்திப்பு

அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு காலை 10:30 மணிக்கு பெங்களூரு அல்சூரில், போன முறை கூடிய அதே வீட்டு மாடியில் சந்திக்கிறோம். அரிய நோயுள்ள நம் பிள்ளைகளுக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் சிறப்பு உணவுப் பொடிக்குச் சுங்கவரி விலக்கு கேட்கும் விண்ணப்பங்களைச் சேர்ந்து உட்கார்ந்து நிரப்பப் போகிறோம்.

1. 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையில் உள்ள நோய்களுக்கு, சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கும் மருந்துக்கும் சிறப்பு உணவுக்கும் 1-4-2023 முதல் அடிப்படைச் சுங்கவரி கிடையாது. ஆனால் மாநில சுகாதார சேவை இயக்குநர் அல்லது மாவட்ட மருத்துவ அதிகாரியின் சான்றிதழ் வேண்டும். போன மாதம் நம்மில் ஒரு அம்மா இது தெரியாமல் வரி கட்டி பார்சலை எடுத்தார். கேட்டதிலிருந்து மனசே ஆறவில்லை. இனி யாரும் அப்படிக் கட்டக் கூடாது.

2. கொண்டு வர வேண்டியவை: நோயை உறுதி செய்த ரிப்போர்ட், மாத அளவு எழுதிய டாக்டர் சீட்டு, ஆதார் நகல்.

3. பதினைந்து நாளுக்கும் குறைவாகப் பொடி இருந்தால் ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள், இன்றே சொல்லுங்கள். டின் படத்தையும் போடுங்கள். பிகேயூ (ஃபினைல்கீட்டோனூரியா), எம்எஸ்யூடி (மேப்பிள் சிரப் யூரின் நோய்) இரண்டும் உடல் புரதத்தைக் கையாள்வதில் வரும் வேறு வேறு கோளாறுகள். பிகேயூ பொடி எம்எஸ்யூடி பிள்ளைக்கு ஆகாது.

வருபவர்கள் வெள்ளி இரவு 8 மணிக்குள் பிள்ளையின் நோய், எத்தனை பேர் என்று பதில் போடுங்கள். அப்புறம், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். அவர்கள் சாப்பிடக்கூடிய சவ்வரிசி வடாம் பொரித்து வைக்கிறேன்.