‘என் பையனுக்கும் ஒரு மணி நேரம் கொடுங்க’

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார், "பத்தாம் வகுப்புப் பரீட்சையில் அந்தப் பையனுக்கு மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாமே, என் பையனுக்கும் கொடுங்க சார்" என்று. சிலர் சிரித்தீர்கள், சிலர் தலையாட்டினீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அந்தப் பையன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்ததால் அங்கே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஒரு மணி நேரம் நான் இரக்கப்பட்டுக் கொடுப்பது அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அதன் 17-ஆம் பிரிவிலேயே கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதும் ஸ்க்ரைப், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு எல்லாம் இருக்கின்றன. நாம் இதைச் ‘சலுகை’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அலுவலகப் படிவங்களிலும் அந்தச் சொல்தான்.

1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. இப்போது 21. டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடும் அதில் வருகிறது, அதைச் சீக்கிரமே கண்டுபிடிக்க வேண்டிய வேலையையும் சட்டம் பள்ளியிடம்தான் தந்திருக்கிறது. பேச்சில் கெட்டியாக இருந்து, நோட்டில் மட்டும் எழுத்து தலைகீழாகப் போகிற பிள்ளையை ‘சோம்பேறி, ரெண்டு போடுங்க சார்’ என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

குறைபாடு 40 சதவீதமாவது இருந்தால்தான் எதுவும் கிடைக்கும் என்றும் பலர் நினைக்கிறீர்கள். சில உரிமைகளுக்கு, உதாரணமாக 18 வயது வரை இலவசக் கல்விக்கு, அந்த அளவு உண்டு. ஆனால் எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் ஒருவர் யூ.பி.எஸ்.சி. தேர்வுக்கு ஸ்க்ரைப் கேட்டுப் போட்ட வழக்கில், 40 சதவீதம் இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, கேட்டதெல்லாம் பள்ளி செய்தாக வேண்டுமா என்றால், அப்படியும் இல்லை. அந்தப் பிள்ளைக்குத் தேவையானதாகவும் பொருத்தமானதாகவும் இருக்க வேண்டும், அளவுக்கு மீறிய சுமையாக இருக்கக் கூடாது, சட்டத்தின் அளவுகோல் இதுதான். எங்களால் லிஃப்ட் போட முடியாது, வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற முடியும். போன வருடம் ஒரு அப்பா தினமும் மகளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறியதை மூன்று மாதம் பார்த்துக்கொண்டே இருந்தேன், எட்டாம் வகுப்பைக் கீழே கொண்டுவர ஆனது என்னவோ ஒரே மதியம்தான். அது என் தவறு.

அப்புறம் ஒரு வேண்டுகோள், பிள்ளைக்கு இருப்பதை மறைத்துவிட்டுப் பரீட்சைக்குப் பத்து நாள் முன்னால் சான்றிதழோடு ஓடி வராதீர்கள், மேலே விண்ணப்பம் அனுப்பி அனுமதி வாங்க நேரம் வேண்டும். எந்தப் பிள்ளைக்கு என்ன என்பதை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பேசவும் வேண்டாம்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வருகிறார். மருத்துவச் சான்று, அடையாள அட்டை இருந்தால் எடுத்து வாருங்கள். இல்லையென்றால் பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை மட்டும் கொண்டு வாருங்கள், அதை வைத்துப் பேசத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்