கிரவல் கொட்டுமுன் ஒரு விடியலுக்குக் கரைக்கு வாருங்கள்

எங்கள் ஊர் வாவிக்கரைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும், அந்தக் கரையை மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட அயலவர்களுக்கும்,

வணக்கம். கரையில் சிவப்புத் துணி கட்டிய முளைகளைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நாற்றம் தாங்கவில்லையாம், அதனால் கண்டல் மரங்களை வெட்டி, சேற்றைக் கிரவலால் நிரப்பி, மேலே நடைபாதை போடப் போகிறார்களாம். நாற்றம் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. மட்டக்களப்பில், கல்லடிப் பாலத்துக்குத் தெற்கே, வாவியோரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும் ஆடி, ஆவணியில் தண்ணீர் வற்றி, பாசி சேற்றோடு ஒட்டிக் காயும். கச்சான் காற்று ஓய்ந்துபோன பின்னேரங்களில் அழுகின முட்டை மணம் வீட்டுக்குள் வந்துவிடும், அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாம்பிராணி போடுவார். மேசையில் கழற்றி வைத்த என் வெள்ளிக் கொலுசு கொஞ்ச நாளிலேயே கறுத்துப்போனது.

கொலுசைக் கறுக்க வைத்ததும் மூக்கில் ஏறியதும் ஒன்றுதான், ஐதரசன் சல்பைட்டு என்ற வாயு. போன கிழமை விடியப்புறம் ஒரு தடியோடு போய்ச் சேற்றைக் குத்திப் பார்த்தேன். மேலே விரல் தடிப்புக்கு மண்ணிறம், அதற்குக் கீழே மை போலக் கறுப்பு. தடியை இழுத்ததும் குமிழி குமிழியாக வந்து உடைந்தது. அந்தக் கறுப்புச் சேற்றில் ஒரு சிரட்டை அள்ளி வந்து முற்றத்தில் வைத்தேன், மறுநாள் பார்த்தால் மேற்பரப்பு மண்ணிறமாகிவிட்டது. காற்றுப் பட்டால் மாறுகிறது, அவ்வளவுதான் விசயம். கீழே ஒட்சிசன் இல்லாத இடத்தில் இலையையும் பாசியையும் உக்க வைக்கிற பற்றீரியாக்கள் உப்புத் தண்ணீரில் உள்ள சல்பேற்றை எடுத்துக்கொண்டு இந்த வாயுவை விடுகின்றன. ஒரு லீட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று இருக்கிறது, ஆகவே கடலோடு தொடுப்புள்ள எந்தச் சேற்றிலும் கொஞ்சமாவது இந்த மணம் இருக்கும். நூறு கோடிப் பங்கு காற்றில் சில பங்கு கலந்தாலே நம் மூக்கு பிடித்துவிடும். மணக்கிற உடனே நஞ்சென்று பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் குவிந்து கிடந்தால் கதை வேறு. பிரான்சின் பிரித்தானிக் கடற்கரையில் 2009ஆம் ஆண்டு அழுகிய பச்சைப் பாசிக்குள் புதைந்த ஒரு குதிரை செத்துப்போனது, அதில் வந்தவர் மயங்கி விழுந்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன வருசம் எங்கள் கரையில் பாசியையும் ஆற்றுவாழையையும் வாரி எடுத்தவர்கள் அதே கரையிலேயே ஆளுயரத்துக்குக் குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்று கிழமை அப்படியே கிடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த வழியால்தான் போனார்கள். அந்த நாற்றத்துக்குக் கண்டல் மரம் என்ன செய்தது?

நீங்கள் வெட்ட நினைக்கும் மரங்களின் அடியில் பென்சில் பென்சிலாக நிமிர்ந்து நிற்பவை சுவாச வேர்கள். அவை காற்றை உள்வாங்கிச் சேற்றுக்குள் இறக்குகின்றன, வேரைச் சுற்றியுள்ள கறுப்பு கொஞ்சம் மாறுவது அதனால்தான். மரத்தை வெட்டினால் அந்த வேர்கள் முழுவதும் சேற்றுக்குள்ளேயே கிடந்து அழுகும். 2015இல் நாட்டின் கண்டல் காடுகள் அனைத்தையும் பாதுகாப்போம் என்று அரசாங்கம் அறிவித்ததும் உங்களுக்குத் தெரியாததல்ல.

சரி, கிரவல் போட்டால் மணம் அடங்காதா? அந்தத் துண்டில் அடங்கலாம். பக்கத்தில் வரும். எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் வீதியை உயர்த்தியபோது தண்ணீர் போக ஒரேயொரு சின்னக் குழாய் வைத்தார்கள். அதுவும் அடைபட்டு, உள்ளே நின்ற தண்ணீர் பச்சையாகி, இன்றைக்கு இந்தப் பகுதியிலேயே மோசமான வெடில் அங்கேதான். தண்ணீர் ஓடாத இடமெல்லாம் அப்படித்தான் ஆகும்.

பாசி இவ்வளவு தடிப்பாக வளர்வதற்கு நாங்களும் காரணம். வயலிலிருந்து பசளையோடு வடியும் தண்ணீர், வீட்டுக் கழிவுநீர், சந்தையில் கழித்த மீன் குடல், எல்லாம் வாவிக்குத்தான் வருகிறது. இரவில் பாசியும் ஒட்சிசனைக் குடிப்பதால் விடியப்புறம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைத் தோணிக்காரர் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் கொட்டுவதை நிறுத்த வேண்டும், மனுவில் கையெழுத்துப் போட்ட வீடுகளும் சேர்த்துத்தான்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. அந்தக் குழாயை எடுத்துவிட்டு அகலமான மதகு ஒன்று கட்டுங்கள். பாசியைப் பச்சையாக இருக்கும்போதே வாரி, அன்றைக்கே கரையை விட்டுக் கொண்டுபோங்கள். முகத்துவார மணலை வெட்டி ஆற்றுவாயைத் திறப்பது பற்றிப் பேசும்போது வெள்ளத்துக்குப் பயப்படும் வயல்காரரோடு வீச்சு வலைக்காரரையும் இருத்திக் கதையுங்கள், இறால் குஞ்சு எப்போது உள்ளே வரும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முதல் ஒருநாள் காலை ஐந்தரைக்கு வாருங்கள். நான் தடியோடு கரையில் நிற்பேன், சேறு முழங்கால் வரை வரும். அதுவரைக்கும் அந்த முளைகளைப் பிடுங்கி வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாவியோரத்து வீட்டுக்காரி ஒருத்தி