ஹீனியின் பாஸ்போர்ட் பச்சை நிறம்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதுகலை ஆங்கில இலக்கியப் படிப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாடத்திட்டம் பழசாகிவிட்டது என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் யேட்ஸ், ஜாய்ஸ், ஷேமஸ் ஹீனி மூன்று பேரையும் பிரிட்டிஷ் எழுத்தாளர்கள் என்று போகிற போக்கில் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார் கட்டுரையாளர். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நான் படித்த கல்லூரியிலும் இப்போது பாடம் நடத்துகிற கல்லூரியிலும் பாடத்திட்டமே அப்படித்தான். அயர்லாந்துக்காரர்கள் பிரிட்டிஷ் தாளில். அச்சிபே, கூகி வா தியாங்கோ, வால்காட் போன்ற ஆப்பிரிக்க, கரீபிய எழுத்தாளர்கள் எல்லாம் பின்காலனியத் தாளில், அதாவது காலனி ஆட்சியில் இருந்த நாடுகளின் இலக்கியத்துக்கான தாளில். முன்னது முதல் வருடம், பின்னது இரண்டாம் வருடம். நடுவில் வரும் கோடை விடுமுறையில் முதல் தாளை எல்லோரும் சுத்தமாக மறந்துவிடுவார்கள்.

இதில் எனக்கு ஒரு பழைய கணக்கும் பாக்கி இருக்கிறது. எம்.ஏ. கடைசி செமஸ்டர் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்), இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் கவிஞர்கள் மூவரைச் சொல்லச் சொன்னார் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர். லார்கின், டெட் ஹியூஸ் என்று சொல்லிவிட்டு நின்றேன். "ஹீனி?" என்று எடுத்துக் கொடுத்தார். "சார், அவர் அயர்லாந்துக்காரர்" என்றேன். "பிறந்தது வட அயர்லாந்து. அது யு.கே.தானேம்மா? மேப்பைப் பார்" என்றார். மேப்பின்படி அவர் சொன்னது சரி. வாயை மூடிக்கொண்டேன். மார்க்கும் குறைந்தது.

அவருக்கான பதிலை ஹீனியே எழுதி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிய மேலும் நான்கு வருடம் ஆனது. 1982இல் பெங்குவின் வெளியிட்ட சமகால பிரிட்டிஷ் கவிதைத் தொகுப்பில் அவர் கவிதைகளுக்கு முக்கிய இடம் கொடுத்திருந்தார்கள். அடுத்த வருடமே 'திறந்த மடல்' என்று செய்யுளிலேயே ஒரு மறுப்பு எழுதி வெளியிட்டார். என் பாஸ்போர்ட் (அயர்லாந்தின்) பச்சை நிறம், பிரிட்டிஷ் ராணியை வாழ்த்தி நாங்கள் கோப்பை உயர்த்தியதில்லை என்கிறார். அதையும் சண்டைக்காரர் தொனியில் சொல்லவில்லை. தொகுத்தவர்களைச் சங்கடப்படுத்துகிறோமே என்ற தயக்கம் அதில் நெடுகத் தெரிகிறது. வைவா அறையில் எனக்கிருந்த தயக்கம் அவருக்கும் இருந்தது என்று நினைத்துக்கொண்டதில் ஒரு சின்ன ஆறுதல்.

சரி, பாஸ்போர்ட்டைப் பார்த்தே பிரித்துவிடலாமா என்றால், ஜாய்ஸ் காலை வாரிவிடுகிறார். டப்ளினில் பிறந்த மனிதர், 1922இல் ஐரிஷ் சுதந்திர அரசு உருவான பிறகும் கடைசிவரை பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டையே வைத்திருந்தார். ஆனால் 1916இல் வந்த அவருடைய முதல் நாவலில் ஒரு இடம் இருக்கிறது. கல்லூரி டீன் ஒரு ஆங்கிலேயர். விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற சாமானை அவர் ஃபனல் என்கிறார். மாணவன் ஸ்டீபன் 'டன்டிஷ்' என்கிறான். அயர்லாந்தில் அப்படியா சொல்வீர்கள், நான் கேள்விப்பட்டதே இல்லையே என்று டீன் ஆச்சரியப்படுகிறார். இந்த மொழி எனக்கு முன்பே இவருக்குச் சொந்தமாக இருந்ததல்லவா என்று ஸ்டீபனுக்குச் சுருக்கென்கிறது. நாவல் முடியும் இடத்தில்தான் வேடிக்கை. அவன் அகராதியைப் புரட்டிப் பார்த்தால், டன்டிஷ் அசல் பழைய ஆங்கிலச் சொல். டீனுக்குத்தான் தெரியவில்லை.

எங்கள் ஊர் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றும் தகரப் புனலை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தைப் படித்தவள் நான். உச்சரிப்பு தப்பாகிவிடுமோ என்று பயந்து இரண்டு வருடமும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு இதைவிட நெருக்கமான பக்கம் அந்தத் தாளில் கிடையாது. ஆனால் நாங்கள் வாங்கிய கைடில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மனதில் ஓடும் எண்ணங்களை அப்படியே எழுதிக்காட்டும் நனவோடை உத்தி பற்றி மட்டும் மூன்று பக்கம்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் என்ன கிடைக்கும் என்று கட்டுரையாளர் கேட்கக்கூடும். ஒரு உதாரணம் சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் பிள்ளைகள் கழுத்தில் ஒரு குச்சியைத் தொங்கவிடுவார்கள். ஐரிஷ் மொழியில் பேசும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டு விழும். வெட்டுகளை எண்ணி அதற்கேற்ப அடி கொடுப்பார்கள். கென்யாவில் தன் பள்ளி நாட்களைப் பற்றிக் கூகி 1986இல் எழுதினார். அங்கே தாய்மொழியான கிகுயு பேசி மாட்டிக்கொண்ட பிள்ளைக்குப் பிரம்படி, அல்லது 'நான் ஒரு கழுதை' என்று எழுதிய தகடு கழுத்தில் ஏறும். இரண்டையும் ஒரே மணி நேரத்தில் சொன்னபோது என் வகுப்பில் ஒரு பெண், அவள் படித்த பள்ளியில் தமிழ் பேசினால் பத்து ரூபாய் ஃபைன் என்றாள். அன்றைக்கு நான் அதற்கு மேல் பாடம் நடத்தவில்லை. அவர்கள்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அயர்லாந்து நாடகாசிரியர் பிரையன் ஃப்ரீலின் 'டிரான்ஸ்லேஷன்ஸ்' நாடகம் இன்னொரு உதாரணம். 1980இல் டெரி நகரில் முதலில் மேடையேறியது; கதை நடப்பது 1833இல், டொனகல் பகுதியில். நில அளவைக்கு வந்த ஆங்கில ராணுவம் ஊர்ப்பெயர்களை எல்லாம் ஆங்கிலமாக்குகிறது. 'ஆற்றின் முகத்துவாரம்' என்று பொருள்படும் ஐரிஷ் பெயர் 'பர்ன்ஃபுட்' ஆகிவிடுகிறது. இதைத் தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டுமா? 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்ததும், கோயம்புத்தூருக்கு எத்தனை 'எச்' போடுவது என்று ஊரே சிரித்ததும், சில நாட்களில் ஆணையைத் திரும்பப் பெற்றதும் அவர்களுக்கு நினைவிருக்கிறது.

அப்படியானால் அயர்லாந்தைத் தூக்கிப் பின்காலனியத் தாளில் போட்டுவிடலாமே என்றால், அதுவும் முழுச் சரியில்லை. 1919இல் ஜாலியன்வாலா பாக் படுகொலையின்போது பஞ்சாப் துணைநிலை ஆளுநராக இருந்து அதை ஆதரித்த மைக்கேல் ஓ'டயர், டிப்பரேரியில் பிறந்த அயர்லாந்துக்காரர். அடுத்த வருடமே ஜலந்தரில் கன்னாட் ரேஞ்சர்ஸ் படைப்பிரிவின் ஐரிஷ் சிப்பாய்கள், தங்கள் நாட்டில் ஆங்கிலேயர் செய்யும் அட்டூழியத்தைக் கண்டித்து ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1920 நவம்பரில் கிளர்ச்சி செய்த ஜேம்ஸ் டேலி என்ற சிப்பாய்க்கு ராணுவம் மரண தண்டனை விதித்துச் சுட்டுக் கொன்றது. ஓ'டயர், டேலி இருவருமே அயர்லாந்துதான். கிப்ளிங்கின் 'கிம்' நாவலின் நாயகன் கிம்மும் ஐரிஷ் சிப்பாய் ஒருவனின் மகன்தானே. இந்தச் சிக்கலை ஒரு முதுகலை வகுப்பில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. 1968இல் நைரோபியில் கூகியும் அவருடைய சகாக்கள் இருவரும் ஆங்கிலத் துறையையே கலைக்கச் சொன்னார்கள். அந்த அளவுக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது, சம்பளமும் அந்தத் துறையிலிருந்துதான் வருகிறது. ஒரே ஒரு யூனிட் போதும். தலைப்பில் 'பிரிட்டிஷ் மற்றும் ஐரிஷ்' என்று போட்டு, ஜாய்ஸின் அந்த நாலு பக்கத்தையும் கூகியின் அந்த 1986 நூலின் முதல் கட்டுரையையும் அதில் சேர்த்து வைக்கட்டும். செலவு ஒரு ஜெராக்ஸ்.

போன செமஸ்டர் வினாத்தாளில் 'பிரிட்டிஷ் கவிஞராக ஹீனியை மதிப்பிடுக' என்று ஒரு கேள்வி வந்தது. பத்து மார்க். தேர்வு முடிந்து வெளியே வந்த மாணவி ஒருத்தி, "மேடம், முதல் வரியிலேயே பாஸ்போர்ட்டைப் பற்றி எழுதிட்டேன், மார்க் போடுவாங்களா?" என்று கேட்டாள். திருத்துகிறவர் யாரென்று எனக்கும் தெரியாது. இன்னும் ரிசல்ட் வரவில்லை.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியை ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்