பி.எட். படித்தால் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆசிரியர் வேலைக்குப் போக விரும்புகிறவர்களுக்காகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'பட்டம் வாங்குங்கள், பி.எட். முடியுங்கள், டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதுங்கள்' என்று மூன்றே படியில் ஏறிவிட்டார் கட்டுரையாளர். முதல் படியிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர் கேட்கவில்லை. எந்த வகுப்புக்கு ஆசிரியர்?

எங்கள் தெருவில் ஒரு பெண். பி.எஸ்சி. கணிதம் மூன்று வருடம், பி.எட். இரண்டு வருடம். சின்னப் பிள்ளைகள் என்றால் அவளுக்கு உயிர். வாய்ப்பாட்டைப் பாட்டாக்கிச் சொல்லிக்கொடுப்பாள். சென்ற மாதம் என்னிடம் வந்து, "சார், தாள் ஒன்று எழுதலாம்னு இருக்கேன், எந்தப் புத்தகம் வாங்கட்டும்?" என்றாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. டெட்டில் தாள் ஒன்று என்பது ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு. அந்த வகுப்புகளுக்கு அவள் படிப்பு செல்லாது. அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும். எங்கள் காலத்தில் 'டீச்சர் டிரெயினிங்' என்றோமே, அதுதான். பிளஸ் 2-வில் 50 விழுக்காடு (பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 45) இருந்தால் சேரலாம், இரண்டே வருடம். பத்தொன்பது, இருபது வயதில் முடித்திருக்க வேண்டியதை அவள் இனி இருபத்து மூன்றுக்கு மேல் தொடங்க வேண்டும்.

பி.எட். இருந்தால் எல்லா வகுப்புக்கும் போகலாம் என்று 2022-இல் சேரும்போது கல்லூரியில் சொன்னார்களாம். அன்றைக்கு அது முழுப் பொய்யும் அல்ல. பி.எட். படித்தவர்கள் தொடக்க வகுப்புகளுக்கும் வரலாம், பணியில் சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் ஆறு மாத இணைப்புப் படிப்பை முடித்தால் போதும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018 ஜூனில் அறிவித்திருந்தது. ராஜஸ்தானில் இருந்து போன வழக்கில் அந்த அறிவிப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று சொல்லிவிட்டது. இவள் அப்போது பாதிப் படிப்பில் இருந்தாள். வகுப்பில் யாரும் வாயைத் திறக்கவில்லை என்கிறாள்.

தீர்ப்பில் எனக்குக் குறையில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை உட்கார வைத்துப் படிக்க வைப்பது தனி வித்தை. பட்டதாரி என்பதால் அது வந்துவிடாது. என் குறையெல்லாம், இதைப் பிளஸ் 2 மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை என்பதுதான். கணிதமோ தமிழோ ஆறாம் வகுப்புக்கு மேல் நடத்த ஆசையென்றால் பட்டமும் பி.எட்.டும், டெட்டின் இரண்டாம் தாளும். பதினொன்று, பன்னிரண்டு என்றால் முதுகலையும் பி.எட்.டும், அங்கே டெட் கிடையாது, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு மட்டும். குழந்தைகள்தான் வேண்டும் என்றால் பட்டயமும் தாள் ஒன்றும்.

டெட் பற்றியும் ஒரு வார்த்தை. 'தேர்ச்சி பெற்றால் வேலை' என்ற தொனி கட்டுரையில் இருக்கிறது. அது தகுதித் தேர்வு, அவ்வளவே. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல்முறை நடந்தபோது 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். எழுதியவர்களில் ஒரு விழுக்காடுகூடத் தேறவில்லை. அந்த ஆண்டே நேரத்தை மூன்று மணியாக்கி மறுபடி நடத்த வேண்டியதாயிற்று. தேறியவர்களுக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வும் உண்டு என்று 2018-இல் அரசாணை போட்டார்கள். தொடக்க வகுப்புகளை நடத்தும் இடைநிலை ஆசிரியர் பணிக்கு அந்தத் தேர்வு நடந்தது 2024 ஜூலையில். நடுவில் ஆறு வருடம் சான்றிதழை வைத்துக்கொண்டு ஜவுளிக்கடையில் நின்றவர்களை எனக்குத் தெரியும். சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று 2021-இல் மாற்றியதுதான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில், தபால்காரர் கொண்டுவந்த கடிதத்தில் வேலைக்குப் போனவன் நான். இதையெல்லாம் பேச எனக்கு வாயில்லை என்று என் மனைவி சொல்கிறாள். சரிதான். ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1 தீர்ப்புக்குப் பிறகு, ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் என் பழைய சகாக்களே இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும் என்றாகி, மகளோடு சேர்ந்து உட்கார்ந்து குழந்தை உளவியல் படிக்கிறார்கள்.

பிளஸ் 2 முடிவு வருவதற்கு முன்பு, எந்த வகுப்புக்கு எந்தப் படிப்பு, எந்தத் தாள் என்று ஒரு சின்னக் கட்டம் போட்டு அதே ஞாயிறு பக்கத்தில் வெளியிடுங்கள். எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்ட நானே பத்துப் படி வாங்கிக்கொள்கிறேன்.

– ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியர்,
கோவில்பட்டி.