இடது முழங்காலிலிருந்து வந்த குரல்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான் நலம். நீங்கள், அண்ணி, குழந்தைகள், அம்மா எல்லோரும் சுகம்தானே? காரைப் பிரித்துப் போட்டிருக்கிறாயாமே என்று போன வாரம் கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே வேலைக்குப் போக முக்கால் மணி நேரம், திரும்பி வர முக்கால் மணி நேரம். பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. அம்மா அனுப்புகிற குரல் பதிவுகளை வீட்டில் கேட்காமல் காருக்கென்று சேர்த்து வைத்துக்கொள்வேன். ஆனால் இந்த ஊரில் ஸ்டீயரிங் இடப்பக்கம். இடது கதவு ஸ்பீக்கர் என் முழங்காலை ஒட்டி இருக்கிறது, வலது கதவு ஸ்பீக்கர் எங்கோ தள்ளி. அம்மா பேசினால் எதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருக்காது. என் இடது முழங்காலுக்குக் கீழே போர்வையைப் போர்த்திக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தேன்.

இங்கே ஸ்பீக்கர் மாற்ற ஆளைக் கூப்பிட்டால் கூலியே பொருளின் விலையைத் தாண்டிவிடும். அவரவர் வேலையை அவரவரே பார்த்துக்கொள்கிறார்கள். சரி, நானும் ஒரு சனிக்கிழமை இறங்கினேன். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுக் கதவின் உள்பலகையை இழுத்தேன். குளிரில் பிளாஸ்டிக் கிளிப்புகள் விறைத்துப்போய் மூன்று உடைந்தன. பழைய ஸ்பீக்கர் ஸ்க்ரூவில் இல்லை, ரிவெட் அடித்து வைத்திருந்தார்கள். டிரில் போட்டு எடுத்தேன். கையில் எடுத்தால் எடையே இல்லை. துக்கடா காந்தம், அதிர்ந்து ஒலியை எழுப்புகிற காகிதக் கோன், அதன் ஓரமும் ஈரத்தில் கிழிந்திருந்தது.

புதிதாக வாங்கியது ஆறரை அங்குல கம்போனன்ட் ஜோடி. தாழ்ந்த ஒலிக்கு வூஃபர் தனி, கூர்மையான ஒலிக்கு ட்வீட்டர் தனி, நடுவில் அவரவர் ஒலியைப் பிரித்துக் கொடுக்கிற கிராஸோவர். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 300 வாட் என்று போட்டிருந்தது. அதை நான் கண்டுகொள்ளவில்லை. ஒலியைப் பெருக்கும் தனி ஆம்ப் வைக்காமல் காரின் ஸ்டீரியோ மட்டும் ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தரக்கூடியதே 15 முதல் 20 வாட்தான். அதனால் சென்சிடிவிட்டி, அதாவது அதே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, எத்தனை டெசிபல் என்று மட்டும் பார்த்தேன். அதில் 3 டெசிபல் கூடுதலாக இருந்தால் வாட்டை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம்.

அண்ணா, சின்ன வயதில் உடைந்த ரேடியோவிலிருந்து ஒரு ஸ்பீக்கரைக் கழற்றி வெறுமனே தரையில் வைத்துப் பாடவிட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? தகரம் மாதிரி இரைந்தது. நீங்கள் ஓர் அட்டைப்பெட்டியில் வட்டமாக ஓட்டை வெட்டி அதில் பொருத்தியதும் குரல் கனத்துவிட்டது. கார்க் கதவிலும் விஷயம் அதேதான். கோனின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்தால் பேஸ், அதாவது கனத்த தாழ்ந்த ஒலி, அடிபட்டுப்போகும். கதவின் உள்தகட்டிலோ கை நுழைகிற அளவுக்குப் பெரிய ஓட்டைகள், அவற்றின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், அவ்வளவுதான். அந்த ஓட்டைகளைத் தகடு வைத்து மூடி, மேலே அதிர்வை அடக்குகிற பியூட்டைல் ரப்பர் தாளை ஒட்டி உருளையால் அழுத்தினேன். வெளித்தகட்டின் உள்பக்கமும் ஒட்டினேன். கதவின் அடியில் மழைநீர் வடிகிற துளைகளை மட்டும் தொடவில்லை. அவற்றை அடைத்தால் கதவு உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்துவிடும்.

ஸ்பீக்கரைக் கதவில் உட்காரவைக்கிற வளையம் செய்ய முதலில் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையைத்தான் எடுத்தேன். கதவுக்குள் கண்ணாடி வழியே தண்ணீர் இறங்கும், அது ஊறி உப்பிவிடும் என்று தாமதமாகத்தான் உறைத்தது. பிறகு கெட்டியான பிளாஸ்டிக் பலகையில் வெட்டினேன். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஸ்பீக்கரின் காந்தம் அதில் இடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்க்ரூ போட்டேன். இந்த இடத்தில் மட்டும் எனக்குப் புத்தி முன்கூட்டியே வேலை செய்தது.

எல்லாம் மாட்டிப் பாட்டைப் போட்டால் பேஸே காணோம்! பழைய ஸ்பீக்கரே தேவலை என்று தோன்றியது. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை எடுத்து ஒவ்வொரு வூஃபரின் வயரிலும் ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன். இடது கோன் வெளியே வந்தது, வலது கோன் உள்ளே போனது. வலது பக்கம் பிளஸ்ஸும் மைனஸும் மாறிக் கிடந்தன. ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்து, பேஸை ஒன்றையொன்று அழித்திருக்கின்றன. மாற்றிப் போட்டதும் கதவு இரண்டும் முழங்கின. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துத் திட்டியிருப்பீர்கள்.

ஆனாலும் அம்மா முழங்காலை விட்டு எழுந்திருக்கவில்லை. குரல் தெளிந்தது, இடம் மாறவில்லை. பேஸ் எங்கிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகப் பிடிபடாது. ஸ, ச போன்ற கூர்மையான ஒலிகளின் திசை நன்றாகத் தெரியும். ஆகவே ட்வீட்டரின் இடம்தான் முக்கியம். முன்கண்ணாடித் தூணில் வைக்கலாம் என்றால் அதற்குள் ஏர்பேக் இருக்கிறது, ஆணி அடிக்க மனம் வரவில்லை. பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடிக்கு நேர் உள்ளே, கதவில் இருக்கும் முக்கோண மூலைதான் மிச்சம். ஓட்டை போடாமல் இருபக்கப் பசை நாடாவில் ஒட்டி ஒரு வாரம் ஓட்டினேன். இரண்டையும் என் முகத்துக்கு நேரே திருப்பினால் காது கூசியது, குரலும் இன்னும் இடப்பக்கமே ஒதுங்கியது. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, தலை உயரத்தில் ஒரு புள்ளியைப் பார்க்கும்படி திருப்பியதும் அடங்கியது.

மிச்சக் கோளாறு தூரத்தில் இருந்தது. டேப்பை எடுத்து அளந்தேன். என் தலையிலிருந்து இடது ஸ்பீக்கர் 85 செ.மீ., வலது 136 செ.மீ. ஒலி 1 மில்லி நொடியில் ஏறக்குறைய 34 செ.மீ. போகும். அப்படியென்றால் இடப்பக்க ஒலி 1.5 மில்லி நொடி முந்தி வருகிறது. இவ்வளவு சின்ன வித்தியாசம்தான், ஆனால் முதலில் வந்த பக்கமே பேசுகிறது என்று காது முடிவு கட்டிவிடுகிறது. காரை எனக்கு விற்றவர் ஸ்டீரியோவை மட்டும் மாற்றி வைத்திருந்தார், அதன் மெனுவில் டைம் அலைன்மென்ட், அதாவது ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியையும் தனித்தனியே தாமதிக்கவைக்கும் வசதி, இருந்தது. இடது பக்கத்தை 1.5 மில்லி நொடி தாமதிக்கவைத்தேன், சத்தத்தையும் ஒரு படி குறைத்தேன். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள மிகத் தாழ்ந்த ஒலியைக் கதவுகளுக்குப் போகாமல் வெட்டிவிட்டேன், கதவு அதிர்வதும் நின்றது. பக்கத்து இருக்கைக்காரருக்கு எல்லாம் கோணலாகக் கேட்கும். கேட்டால் கேட்கட்டும், யார் உட்காரப்போகிறார்கள்.

திங்கட்கிழமை காலை அம்மாவின் பதிவைப் போட்டேன். ஸ்டீயரிங்குக்கு மேலே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பேசினார்கள். “சாப்பிட்டியா” என்று கேட்டபோது வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது.

இன்னொன்று. அம்மா அறையில் ஓடுகிற மின்விசிறி இப்போது எனக்கு நன்றாகக் கேட்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் டக்கென்று ஒரு சத்தம் வருகிறது. பேரிங் தேய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி