கே.பி.எஸ். கதை 1933-இல் முடியவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பாடகியும் நடிகையுமான கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் பற்றிக் கட்டுரை வந்திருப்பதைப் பார்த்ததும், மற்ற பக்கங்களை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் படித்தேன். நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு மேடையேறியது, காதல், கல்யாணம், பிரிவு, 1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தது, இருபத்தைந்து வயதில் அந்த அம்மா வெள்ளைப் புடவைக்கு மாறியது என்று நான்கு பக்கம். அதற்குப் பிறகு 1980 வரை அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு ஒரே ஒரு பத்தி! மனசு ஆறவில்லை.

எந்த ஆணோடும் இனி ஜோடியாக நடிப்பதில்லை என்று அவர் எடுத்த முடிவைத் துக்கத்தின் அடையாளமாகவே கட்டுரை பார்க்கிறது. துக்கம் இருந்தது, சரி. ஆனால் சினிமாவுக்கு அவர் போட்ட நிபந்தனையும் அதுதானே? அந்த நிபந்தனைக்குச் சினிமா இறங்கி வந்தது. 1935-இல் நந்தனார் கதை படமானபோது, நந்தனாராகவே ஆண் வேடத்தில் நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். 1935-இல் ஒரு லட்சம்! இதற்கு உங்கள் கட்டுரையில் அரை வரிகூட இல்லை.

அப்புறம் 1953-இல் ஜெமினியின் 'ஔவையார்', 1964-இல் 'பூம்புகார்' படத்தில் சமணத் துறவி கவுந்தியடிகள், 1973-இல் காரைக்கால் அம்மையார். காதலிக்கிற வேடம் ஒன்றுகூட இல்லாமல் இத்தனை காலம் தாக்குப்பிடித்த நடிகை வேறு யார்? சென்னை மாகாண மேலவையில் உறுப்பினராக இருந்ததும், 'துணைவன்' படத்துக்காகத் தேசிய விருது பெற்றதும் எழுத வேண்டிய செய்திகள்தான்.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். கோபித்துக்கொண்டு மலையேறி நிற்கிற முருகனிடம் ஔவையாக வந்து கே.பி.எஸ். பாடுகிறார். ஐம்பதைத் தாண்டிய வயது. 'பழம் நீயப்பா' என்று எடுக்கும்போது அந்த ழகரத்தைக் கவனியுங்கள். எத்தனை மேலே போனாலும் அது தேயாது, ளகரமாகச் சரியாது. மைக் இல்லாத காலத்து நாடகக் கொட்டகையில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் புரியும்படி பாடிப் பழகிய தொண்டை அது. உச்ச ஸ்தாயியிலும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து விழும். நான் அந்த இடத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

கிட்டப்பா பெரிய பாடகர். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள், அதையும் ஆசையாகப் படிப்பேன். கே.பி.எஸ். பற்றி இன்னொரு கட்டுரை எழுதச் சொல்லி, அதை நந்தனாரிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்